தலைகீழாய்த் தொங்குவது யார்?

அந்தி மயங்கும் நேரம். ஆலை வாசலில் ஒரு கூட்டம் உள்ளே போகிறது, ஒரு கூட்டம் வெளியே வருகிறது. அதே வேளையில் நம் தலைக்கு மேலே இன்னொரு 'ஷிப்டு'ம் மாறுகிறது. காக்கையும் மைனாவும் மரத்துக்குத் திரும்ப, ஆலமரத்திலிருந்தும் பாழ்மண்டபத்திலிருந்தும் வௌவால்கள் வேலைக்குக் கிளம்புகின்றன. அண்ணாந்து பார்க்கும் தோழர்களில் பாதிப்பேர் முகத்தைச் சுளிக்கிறார்கள். "சனியன்! வீட்டுக்குள் நுழைந்தால் குடும்பத்துக்கு ஆகாது" என்கிறார் ஒருவர். "இதன் கறி ஆஸ்துமாவுக்கு நல்லது" என்கிறார் இன்னொருவர். ஆகாது என்பதும் ஆகும் என்பதும் ஒரே பிராணியைப் பற்றித்தான்! இரண்டுக்கும் ஆதாரம் ஒன்றுதான். அதாவது, ஆதாரம் இல்லை.

"விலைவாசி விஷம்போல் ஏறுகிறது, ஒப்பந்தக் கூலிமுறை உயிரை வாங்குகிறது, இந்த நேரத்தில் வௌவாலைப் பற்றி ஏன் எழுதவேண்டும்?" என்று கேட்கும் தோழர்கள் இருப்பார்கள். கேட்கட்டும். கடைசிவரை படித்துவிட்டுக் கேட்கட்டும் என்பதே நமது வேண்டுகோள். வௌவால் செத்தால் தொட்டில் காலியாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கணக்குக்குப் பிறகு வருவோம்.

முதலில், இந்தப் பிராணி பேசுகிறது என்ற செய்தி.

டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர்கள் 22 எகிப்தியப் பழந்தின்னி வௌவால்களை அடைத்துவைத்து, 75 நாட்கள் இரவும் பகலும் அவற்றின் குரலையும் நடத்தையையும் பதிவு செய்தார்கள். ஏறத்தாழ 15,000 கூச்சல்களைக் கணிப்பொறியிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். 2016இல் முடிவை வெளியிட்டார்கள். நமக்கு வெறும் 'கீச் கீச்' என்று கேட்கிறதே, அதில் யார் கத்துகிறது, எதைப் பார்த்துக் கத்துகிறது, எதற்காகக் கத்துகிறது என்ற மூன்றும் அடங்கியிருக்கின்றன! கத்தியது இன்னார்தான் என்று கணிப்பொறி நூற்றுக்கு எழுபது தடவை சரியாகச் சொல்லிற்று. சண்டைக்கான காரணங்கள் நான்கு. தீனிக்காகத் தகராறு. தூங்கும் இடத்துக்காகத் தகராறு. "என்மேல் ஏன் இடிக்கிறாய்?" என்ற தகராறு. நான்காவது, விருப்பமில்லாத பெண்ணை ஆண் நெருங்கும்போது அது போடும் அதட்டல். ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்து பழகிய நமக்கு இந்தப் பட்டியலில் எது புதிது? குழாயடியில் தினமும் கேட்பதுதானே! எதிரே இருப்பது ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்துக் குரலின் சாயலும் மாறுகிறதாம். இதிலும் புதுமை இல்லை.

மத்திய அமெரிக்காவில், பனாமாவிலும் கோஸ்டாரிகாவிலும், ஒருவகைச் சிறு வௌவால் உண்டு. சிறகில் பைபோன்ற அமைப்பு உடையது. அதன் குட்டிகள் தாயருகே தொங்கிக்கொண்டு நெடுநேரம் மழலை பேசுகின்றன. பெரியவற்றின் ஒலித் துண்டுகளை எடுத்து, திரும்பத் திரும்பச் சொல்லி, மாற்றிச் சொல்லிப் பழகுகின்றன. மனிதக் குழந்தையின் மழலைக்குரிய முக்கிய அடையாளங்கள் இந்தக் குட்டிகளிடமும் இருப்பதாக 2021இல் அறிவித்தார்கள். "பேச்சு என்பது மனிதனுக்குக் கடவுள் தனியாக வழங்கிய வரம்" என்று மேடை போட்டுச் சொல்கிறவர்கள் இந்தக் குட்டியின் எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

பேசுவதைக் கண்டுபிடிக்கக் கணிப்பொறி வேண்டியிருந்தது. அது கேட்பதைக் கண்டுபிடிக்கவோ நூற்றைம்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன. அந்தக் கதை நம் தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ளவேண்டிய கதை.

இத்தாலியில் ஸ்பல்லன்சானி என்று ஒருவர் இருந்தார். பாதிரியார், ஆனால் சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பாதவர். இப்படியும் சில பாதிரிமார் உண்டு என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை. 1793இல், கண்ணை இழந்த வௌவாலும் கண்ணுள்ள வௌவாலைப் போலவே கட்டிய நூல்களில் இடிக்காமல் பறப்பதைக் கண்டார். குருடாக்கி வெளியே விட்ட வௌவால்களைப் பின்பு பிடித்து வயிற்றை அறுத்துப் பார்த்தார். மற்றவற்றைப் போலவே வயிறு நிறையப் பூச்சி! கொடுமையான சோதனைதான், மறுக்கவில்லை. அடுத்து ஜெனீவாவில் ஜூரின் என்ற மருத்துவர் வௌவாலின் காதை அடைத்தார். அது கண்ட இடத்தில் முட்டி மோதி விழுந்தது. ஸ்பல்லன்சானி தாமே செய்து பார்த்து, உண்மைதான் என்றார். வௌவால் காதால் 'பார்க்கிறது'! உண்மை கைக்கு வந்துவிட்டது.

வந்த உண்மையை என்ன செய்தார்கள்? பாரிசில் குவியே என்ற பெரும் பேரறிஞர் இருந்தார். அவர் அந்தச் சோதனைகளைச் செய்யவில்லை. ஆனால் வௌவால் சிறகின் தொடு உணர்ச்சியால்தான் வழி அறிகிறது என்று தீர்ப்புச் சொன்னார். பெரியவர் சொன்னால் பெருமாள் சொன்ன மாதிரி! பாடப் புத்தகங்களெல்லாம் அதையே எழுதின. சோதனை செய்தவன் பேச்சு பரணில் ஏறியது. சோதனை செய்யாதவன் பேச்சு பள்ளிக்கூடம் ஏறியது. "யார் சொன்னாலும், எங்குப் படித்தாலும் உன் அறிவுகொண்டு ஆராய்ந்து பார்" என்று இந்நாட்டில் ஒரு கிழவர் ஊர் ஊராகச் சென்று சொல்லவேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பது ஐரோப்பாவின் இந்தக் கதையிலிருந்தும் விளங்கும்.

1938இல் அமெரிக்காவில் ஹார்வர்டில் கிரிஃபின் என்ற மாணவர் ஒரு கூடை வௌவாலைத் தூக்கிக்கொண்டு பியர்ஸ் என்ற இயற்பியல் பேராசிரியரிடம் போனார். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைப் பிடிக்கும் கருவி பியர்சிடம் இருந்தது. அதன்முன் வௌவாலைப் பிடித்ததும் அமைதியாக இருந்த அறை இரைச்சலாகிவிட்டது. நம் காதுக்கு எட்டும் எல்லை, இளமையில்கூட, விநாடிக்கு 20,000 அதிர்வுவரைதான். வௌவாலின் கூவல் பெரும்பாலும் அதற்கு மேலே. தன் குரல் எதன்மீதாவது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டே அது பூச்சியைத் துரத்துகிறது. பூச்சியை நெருங்கும் கடைசிக் கணத்தில் விநாடிக்கு 200 கூவல்வரை போகிறது. கிரிஃபினும் அவர் கூட்டாளி கலாம்போசும் இதை அறிஞர் கூட்டமொன்றில் சொன்னபோது, பெயர்பெற்ற உடலியல் அறிஞர் ஒருவர் கலாம்போசின் தோளைப் பிடித்துக் குலுக்கி, நிஜமாகவா சொல்கிறீர் என்று பதறினாராம். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பதற்றம்!

இங்கே ஆலைத் தோழர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. சில வௌவால்களின் கூச்சல் பக்கத்தில் நின்றால் தறிக்கூடத்து இரைச்சலை மிஞ்சும் வலுவுள்ளது. நம் காதுக்கு எட்டாததால் பிழைத்தோம். அப்படியானால் தன் கூச்சலே தன் காதைச் செவிடாக்காதா? ஆக்காது. ஒவ்வொரு முறை கத்தும்போதும் நடுக்காதில் உள்ள ஒரு சிறு தசை இறுகி ஒலியை மட்டுப்படுத்துகிறது. கத்தி முடிந்ததும் தளர்ந்து எதிரொலிக்கு வழிவிடுகிறது. விநாடிக்குப் பலமுறை இந்த வேலை நடக்கிறது. தறியருகே இருபது ஆண்டுகள் நின்ற தோழருக்கு முதலில் போவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள், பிறகு பேரக்குழந்தையின் பேச்சு. வௌவாலுக்கு இயற்கை கொடுத்த காதடைப்பை நமக்கு முதலாளி கொடுக்கவேண்டும். சட்டத்தில் இருக்கிறது, பல தறிக்கூடங்களில்தான் இல்லை.

இந்த ஆராய்ச்சியெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டில்தானா? இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் தலைமையில், மாரிமுத்து முதலிய நம்மவர்கள் செய்த ஒரு சோதனையை உலகமே எடுத்துப் பேசுகிறது. மதுரையை அடுத்த ஒரு குகை. அதன் ஆழத்தில் பகலும் இருட்டுதான். சூரியன் எழுவதும் விழுவதும் அங்கே தெரியாது. அந்த இருட்டில் ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். சுற்றிலும் அதன் இனத்தார் சுதந்திரமாக இருந்தார்கள், அந்தியில் வெளியே போனார்கள், விடியலில் திரும்பினார்கள். கூண்டிலிருந்தது வெளிச்சத்தையே காணவில்லை. ஆனாலும் மற்றவை கிளம்பும் நேரத்தில் அதுவும் சிறகடித்தது. நாள் தவறாமல்! அதே இன வௌவாலை ஆளில்லாத வேறொரு குகையில் தனியே அடைத்தபோது, அதன் உள்ளே ஓடும் கடிகாரம் நாளுக்கு நாள் விலகி, வெளியுலகத்து அந்திக்கும் அதற்கும் தொடர்பில்லாமல் போயிற்று. கூட்டத்தின் நடமாட்டமே அதற்குச் சூரியன். 1981இல் வெளியான முடிவு இது. சிறையில் தனியறையில் கிடந்த நம் மூத்த தோழர்கள் இதைப் படித்தால், பக்கத்துக் கொட்டடியிலிருந்து வந்த குரலை நினைத்துக்கொள்வார்கள்.

இரத்தம் குடிக்கும் வௌவால் என்று சினிமாவில் காட்டிப் பயமுறுத்துகிறார்களே, அதையும் சொல்லிவிடுவோம். உலகில் 1,400க்கு மேற்பட்ட வௌவால் இனங்கள் உண்டு. இரத்தம் குடிப்பவை மூன்றே இனம். மூன்றும் அமெரிக்கக் கண்டத்தில், மெக்சிகோவிலும் அதற்குத் தெற்கேயும் உள்ளவை. நம் நாட்டில் இல்லை. (இங்கே இரத்தம் உறிஞ்சுவோருக்குச் சிறகு கிடையாது, கார் உண்டு.) அந்த வௌவால் இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து தீனி கிடைக்காவிட்டால் செத்துவிடும். வில்கின்சன் என்பவர் கோஸ்டாரிகாவில் கண்டு 1984இல் எழுதினார்: வெறும் வயிற்றோடு திரும்பியதற்கு, வயிறு நிறைந்தது தன் வயிற்றிலிருந்தே கக்கி ஊட்டுகிறது! தன் பிள்ளைக்கு மட்டுமல்ல, பந்தமில்லாத பழைய தோழிக்கும். முன்பு தனக்குக் கொடுத்ததை மறப்பதில்லை. ஒன்றையொன்று குரலாலேயே அடையாளம் காண்கிறது. முன்பின் அறியாத இரண்டைச் சேர்த்து வைத்தால் முதலில் மயிர் கோதிவிட்டுப் பழகிப் பார்க்கின்றன. பிறகுதான் சோறு போடுகின்றன. எச்சரிக்கையும் உண்டு, ஈகையும் உண்டு. நிதி வசூலிக்கப் போகும் தோழர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இனி, தொட்டில் கணக்கு.

அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்துக் குகையொன்றில் மூக்கில் வெண்பூஞ்சை பிடித்த வௌவால்களைக் கண்டார்கள். குளிர்காலத் தூக்கத்தில் இருக்கும்போது தாக்கும் நோய் அது. குகைக்குக் குகை பரவிப் பல லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றது. ஒரு வௌவால் இரவெல்லாம் பிடிப்பது பயிரைத் தின்னும் அந்துப்பூச்சியும் வண்டும். பிடிப்பவன் செத்தான், பூச்சி பெருகிற்று. விவசாயி என்ன செய்வான்? மருந்தடித்தான். சிகாகோ பல்கலைக்கழகத்துப் பொருளாதார அறிஞர் எயல் ஃபிராங்க், நோய் வந்த மாவட்டங்களையும் வராத மாவட்டங்களையும் எதிரெதிரே வைத்துக் கணக்குப் பார்த்தார். வௌவால் செத்த இடங்களில் பூச்சிமருந்து 31 சதவீதம் கூடியிருந்தது. அதே இடங்களில் ஒரு வயது நிறையாத குழந்தைகளின் சாவு, விபத்துகள் நீங்கலாக, ஏறத்தாழ 8 சதவீதம் கூடியிருந்தது. 1,300க்கு மேற்பட்ட பச்சைக் குழந்தைகள் என்பது அவர் கணக்கு. 2024இல் வெளியான ஆய்வு இது.

அந்தக் குழந்தைகளின் தாயாரில் எவளும் தன் வாழ்நாளில் வௌவாலைப் பற்றி ஒரு நிமிடம் நினைத்திருக்கமாட்டாள்.

அது அமெரிக்கா. அங்கே மருந்தடிப்பது பெரும்பாலும் யந்திரம். இங்கே முதுகில் தெளிப்பானைச் சுமந்து, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு மருந்தடிப்பவன் நம் தோழன். 2017இல் மராட்டியத்தில் யவத்மால் மாவட்டத்துப் பருத்திக்காட்டில் மருந்தடித்த விவசாயிகளும் கூலிகளும் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். கூலி கேட்காமல் பூச்சி பிடிக்கும் வேலையாளை விரட்டிவிட்டு, விஷத்தைக் காசு கொடுத்து வாங்கி, அதை அடிக்க உயிரையும் கொடுக்கிறோம்.

நம் சட்டம் இந்த வேலையாளை எப்படி நடத்திற்று தெரியுமா? 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் காக்கை, எலி, சுண்டெலி ஆகியவற்றோடு பழந்தின்னி வௌவாலையும் 'தீங்குயிர்' பட்டியலில் வைத்தது. யாரும், எப்போதும், எத்தனையும் கொல்லலாம், கேட்பாரில்லை. இலுப்பைப் பூவுக்கும் இலவம் பூவுக்கும் இரவில் மகரந்தம் சுமப்பது யார்? அத்தியும் ஆலும் விதை பரவுவது யாரால்? பழந்தோட்டக்காரன் வலையில் இரண்டு பழம் போனது மட்டும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் முதல் அந்தப் பட்டியலையே நீக்கியது. ஐம்பது ஆண்டுகள்! பெரும்பாலான வௌவால் ஆண்டுக்கு ஒரே குட்டி போடும் பிராணி. ஐம்பதாண்டுக் கொலைக்கு அது எப்படி ஈடுகொடுக்கும்?

பட்டியலுக்கு விலக்காக, முதல் தரப் பாதுகாப்புப் பெற்ற பழந்தின்னி ஒன்றே ஒன்று. அது நம் தேனி மாவட்டத்து மேகமலைக்காரன். 1948இல் அங்கே தோட்டத்தில் பணியாற்றிய ஆங்கஸ் ஹட்டன் என்பவர் பிடித்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் வேறு ஏதோ சாதாரண வௌவால் என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டார்கள். 24 ஆண்டுகள் கழித்து, 1972இல், தாய்லாந்து நாட்டு அறிஞர் கிட்டி தோங்லோங்யா எடுத்துப் பார்த்து, உலகத்துக்கே புதிய இனம் என்றார். பறவை அறிஞர் சலீம் அலியின் பெயரை வைத்தார். நம் மலையில் பிறந்ததை நமக்கு அடையாளம் காட்டத் தாய்லாந்திலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது.

"நிபா காய்ச்சல் வௌவாலால் வருகிறதே, அதை மறைக்கிறீர்களா?" மறைக்கவில்லை. 1998-99இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைகளில் பரவி நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2018இல் கோழிக்கோட்டிலும் மலப்புரத்திலும் 17 பேர். அவர்களில் ஒருவர் நோயாளியைப் பார்த்துக்கொண்ட செவிலியர் லினி. பழந்தின்னிகளில் அந்தக் கிருமி இருப்பது உண்மை. ஆகவே கடித்துப் போட்ட பழத்தைத் தொடாதீர்; வௌவாலைக் கையால் பிடிக்காதீர்; ஆஸ்துமா மருந்தென்று அதை அறுத்துத் தின்னாதீர். அந்தக் கறியால் எவருக்கும் இழுப்பு நின்றதற்குச் சான்று இல்லை. அரசு மருத்துவமனையில் மருந்து இருக்கிறது.

ஆனால் "மரத்தை வெட்டு, வௌவாலை விரட்டு" என்பது மருத்துவம் அல்ல. ஆஸ்திரேலியாவில் வௌவாலிடமிருந்து குதிரைக்கும், குதிரையிடமிருந்து மனிதனுக்கும் தாவும் ஹெண்ட்ரா என்ற கிருமி உண்டு. கால் நூற்றாண்டுக் கணக்கைப் பார்த்த ஆய்வு 2022இல் வந்தது. குளிர்காலத்தில் பூக்கும் காடுகளை அழித்த பிறகு, பட்டினியால் சிதறிய வௌவால்கள் பண்ணைகளுக்கு வந்து சேர்ந்தன, கிருமி தாவிற்று. எஞ்சிய காடு நன்றாகப் பூத்த குளிர்காலங்களில் வௌவால்கள் அங்கேயே போய்விட்டன, கிருமி தாவவில்லை. பசித்தவனை விரட்டினால் அவன் நம் வீட்டு வாசலுக்குத்தான் வருவான். வங்காளதேசத்தில் ஈச்சஞ்சாற்றுப் பானைக்கு மேலே மூங்கில் தட்டி கட்டி வௌவாலின் வாய் படாமல் தடுக்கிறார்கள். செலவும் இல்லை, கொலையும் இல்லை.

கடைசியாக நமக்கே ஒரு சிக்கல். அதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

தமிழ்நாட்டில் சில சிற்றூர்களில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஊர் ஆலமரத்தில் தொங்கும் வௌவால் மிரண்டுவிடும் என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் மத்தாப்போடு நிற்கிறார்கள். தீபாவளிக் கதையை நாம் நம்புவதில்லை. ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகள்மீது நமக்கு மதிப்பு உண்டு. சில இடங்களில் காரணம் அன்பு. சில இடங்களில் காரணம் பயம்: மரத்தில் முனி இருக்கிறது, கிளையை ஒடித்தால் கையை முடக்கும், வௌவாலைத் தொட்டால் கண்ணைப் பிடுங்கும். நம் தோழர் ஒருவர் அங்கே போய்க் கூட்டம் போட்டு, "முனியும் இல்லை, சனியும் இல்லை" என்று வெளுத்து வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கை தட்டுவார்கள். பேச்சு முடிந்து அவர் பஸ் ஏறிவிடுவார். மறுவாரம் சாலையை அகலப்படுத்தும் ஒப்பந்தக்காரன் ரம்பத்தோடு வருவான். முனியும் போயிற்று, கேட்பாரும் போயினர். முனி காத்த மரத்தை நம் பகுத்தறிவு வெட்டிக் கொடுத்ததாக முடியும்!

அதற்காக முனியை விட்டுவைக்கச் சொல்லவில்லை. முனியை இறக்கும் முன் அந்தக் கிளையில் வேறொரு காவலை ஏற்றவேண்டும் என்கிறோம். கூட்டத்துக்குப் போகும் தோழர் அன்று மாலையே மரத்தடியில் நின்று, கிளம்பும் வௌவாலை ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து எண்ணட்டும். அந்த எண்ணைப் படிப்பகத்துக் கரும்பலகையில் தேதி போட்டு எழுதட்டும். ஆண்டுக்கு ஆண்டு எண்ணட்டும். மாசி தொடங்கிச் சித்திரைவரை தாய் வௌவால் குட்டியை மார்பில் சுமந்து தொங்கும் காலம். அப்போது கிளை கழிக்க யார் வந்தாலும், ஊராட்சியின் எழுத்து மூலமான உத்தரவைக் காட்டச் சொல்லிக் கேட்க, மரத்தடியில் நான்கு பேராவது இருக்கட்டும்.